அகதிப் பெண்களைத் தனியாக விசாரியுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

அகதிப் பெண்கள், சிறுமிகளின் பாதுகாப்பு குறித்த ஆய்வுகளைப் பற்றித் தாங்கள் வெளியிட்ட கட்டுரையைப் படித்தேன். ஆய்வுகளால் என்ன பயன் என்று கேட்பவர்கள் பழைய கதையைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். 1951-ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கை, துன்புறுத்தலுக்கு அஞ்சி வருபவரை அகதியாக ஏற்க இனம், மதம், தேசியம், சமூகக் குழு, அரசியல் கருத்து ஆகிய ஐந்து காரணங்களைத்தான் சொன்னது. பெண் என்பதற்காகவே ஒருவர் துன்புறுத்தப்படுவது அந்தப் பட்டியலில் இல்லை. ஆய்வாளர்களும் பெண்ணுரிமை அமைப்புகளும் விடாமல் வாதாடியதால்தான் 1991-இல் ஐ.நா. அகதிகள் முகமை அகதிப் பெண்களுக்கான வழிகாட்டுதலை வெளியிட்டது. 1993-இல் கனடாவும் பாலினம் சார்ந்த துன்புறுத்தலுக்கென வழிகாட்டுதல் கொண்டுவந்தது.

சரி, அகதி விண்ணப்பங்களை விசாரிக்கும் அறைக்குள் இந்த வழிகாட்டுதல்கள் வந்து சேர்ந்தனவா? நான் மொழிபெயர்ப்பாளராக இருந்த ஒரு விசாரணையில், கணவர் பக்கத்தில் இருந்தவரை அந்தப் பெண் எல்லாவற்றுக்கும் “ஒன்றும் நடக்கவில்லை” என்றே சொன்னார். கணவர் வெளியே போன பிறகுதான், வரும் வழியில் தனக்கு நேர்ந்த வன்முறையைச் சொன்னார். அதிகாரி அதை “முன்னுக்குப் பின் முரண்” என்று எழுதிக்கொண்டார். அந்தப் பெண்ணுக்கு இழைக்கப்பட்ட பெரும் அநீதி அது. ஆகவே, அகதிப் பெண்கள் கேட்காமலேயே பெண் அதிகாரி, பெண் மொழிபெயர்ப்பாளருடன் தனி விசாரணை நடத்த வேண்டும். தாமதமாகச் சொன்னதற்காக ஒரு வாக்குமூலத்தைத் தள்ளக் கூடாது. இந்த ஆய்வுகளைச் செய்த பல்கலைக்கழகங்களைக் கொண்டே அதிகாரிகளுக்குப் பயிற்சி அளிக்கலாம்.

– ஒரு வாசகர்