செவலையைப் பிழைக்க வைத்த எல்லோருக்கும் நன்றி

சாயல்குடிக்குத் தெற்கே, நரிப்பையூர், கன்னிராஜபுரம் கடற்கரைப் பக்கத்து எங்கள் சொந்தபந்தங்களுக்கும் அக்கம்பக்கத்து ஊர்க்காரர்களுக்கும் வணக்கம்.

எங்கள் செவலைப் பசு பிழைத்துவிட்டது. நன்றாகத் தீவனம் எடுக்கிறது, அசை போடுகிறது, கன்றுக்கும் பால் கொடுக்கிறது. அன்று வந்து நின்றவர்கள் வீட்டுக்கெல்லாம் நேரில் போய்ச் சொல்லிவிடலாம் என்றுதான் கிளம்பினோம். ஆனால் வந்தவர்களில் பலர் எந்த ஊர் என்றே எங்களுக்குத் தெரியாது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் போன வண்டியை ஓரங்கட்டிவிட்டு இறங்கி வந்தவர்களும் உண்டு. அதனால் இந்த மடல்.

வராதவர்களுக்காக, நடந்ததைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறோம். ஆவணி கடைசி, பனம்பழம் விழுகிற காலம். மாடுகள் பழத்தைச் சப்பித் தின்றுவிட்டுக் கொட்டையைத் துப்பிவிடும். காலங்காலமாக இங்கே பார்ப்பதுதான். அன்று மேய்ச்சலிலிருந்து வந்த செவலை கழுத்தை முன்னே நீட்டியபடி நின்றது. எச்சில் சரம்சரமாக ஒழுகியது. தண்ணீர் காட்டினால் மூக்கு வழியாகத் திரும்பி வந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே இடது பக்க வயிறு உப்பி, முதுகெலும்பு மட்டத்துக்கு ஏறிவிட்டது. தட்டினால் பறை போலச் சத்தம். நாக்கு வெளியே தள்ளி, மூச்சு வாங்க ஆரம்பித்ததும் வீட்டில் எல்லோரும் அழுதுவிட்டோம்.

எங்கள் முதல் நன்றி பனையேறும் பெரியப்பாவுக்கு. வயிறு உப்பிசம் என்றால் எண்ணெய் ஊற்றுவதுதானே எல்லா வீட்டிலும் வழக்கம். மூங்கில் குழாயோடு ஆள் தயாராக நின்றார்கள். பெரியப்பா மாட்டின் கழுத்தின் இடது பக்கத்தைக் கையால் தடவிப் பார்த்துவிட்டு, "யாரும் எதையும் ஊத்தாதீங்க. எச்சிலையே முழுங்க முடியாத மாடு எண்ணெயை எங்க முழுங்கும்? தொண்டையில கொட்டை நிக்குது" என்று சத்தம் போட்டார். அந்த ஒரு வார்த்தைதான் செவலையைக் காப்பாற்றியது என்று பிற்பாடு வந்த கால்நடை டாக்டரம்மாவும் சொன்னார். அடைத்த தொண்டையில் ஊற்றியது வயிற்றுக்குப் போகாது, மூச்சுக்குழலுக்குள் இறங்கிவிடும். நுரையீரலுக்குள் எண்ணெய் போனால், உப்பிசம் தீர்ந்தாலும் மாடு பிழைப்பது கஷ்டம்.

நல்லெண்ணெய்ப் பாட்டிலோடு ஓடிவந்த மதினி, மனசைப் போட்டு வருத்திக்கொள்ள வேண்டாம். மழைக்குப் பிறகு இளம் பயற்றங்கொடியும் ஈரத் தழையும் தின்று, வயிற்றுக்குள் நுரை கட்டிய மாட்டுக்கு நீங்கள் கொண்டுவந்ததே சரியான மருந்து. எண்ணெய் பட்டால் நுரை உடைந்து காற்று வெளியேறும். அப்போதும் நாக்கைப் பிடித்து இழுக்காமல், தலையை ரொம்பத் தூக்காமல், கடைவாய் ஓரமாகக் கொஞ்சம் கொஞ்சமாக விட வேண்டும். செவலைக்கு வந்தது வேறு வகை, அவ்வளவுதான்.

அடுத்து, 1962 எண்ணில் பேசிய தங்கைக்கு. கால்நடை அவசர வண்டி அந்த நேரம் வேறு ஊரில் இருந்தது. ஆனாலும் அவர் போனை வைக்காமல் ஒவ்வொன்றாகக் கேட்டார். என்ன தின்றது, எந்தப் பக்கம் உப்பியிருக்கிறது, நிற்கிறதா படுத்துவிட்டதா, எச்சில் வருகிறதா? முன்னங்கால் மேட்டில் இருக்கும்படி நிறுத்தச் சொன்னார். வாயில் கையை விட்டுக் கொட்டையை எடுக்கிறேன் என்று ஒரு தம்பி சட்டையைக் கழற்றியபோது, கண்டிப்பாக வேண்டாம் என்றார். வெறிநோய் கண்ட மாடும் இதேபோல எச்சில் ஒழுக்கும், விழுங்க முடியாமல் திணறும். தொண்டையில் எலும்பு சிக்கியதென்று கையை விட்டவர்களுக்கு ஆபத்து வந்திருக்கிறதாம். அந்தத் தம்பியின் துணிச்சலுக்கும் நன்றி, அவரைத் தடுத்த குரலுக்கும் நன்றி. டாக்டரம்மாவுக்குத் தகவல் சொன்னதும் அந்தத் தங்கைதான்.

கரையில் வலை பின்னிக்கொண்டிருந்த அண்ணன்மாரை எப்படி மறப்பது? செவலை பின்னங்கால் மடங்கிச் சரிந்தபோது, வடக்கயிற்றை நெஞ்சுக்குக் கீழே கொடுத்து, ஏலேலோ பாடித் தூக்கிக் கரை மேட்டில் முன்னங்காலை ஏற்றி நிறுத்தினீர்கள். ஒருக்களித்துப் படுத்திருந்தால் அங்கேயே மூச்சு நின்றிருக்கும். டாக்டரம்மா வரும்வரை ஆள் மாற்றி ஆள் தோள் கொடுத்து நின்றீர்கள். சாலை முக்கில் சவாரியை விட்டுவிட்டு, வழி காட்டக் காத்திருந்த ஆட்டோ தம்பிக்கும் நாங்கள் கடன்பட்டவர்கள்.

டாக்டரம்மா தன் ஸ்கூட்டரிலேயே வந்தார். வந்ததும் கொட்டையைத் தேடவில்லை, முதலில் காற்றைத்தான் கவனித்தார். கடைசி விலாவுக்கும் இடுப்பு எலும்புக்கும் நடுவே இடது பக்கம் பள்ளமாக இருக்க வேண்டிய இடத்தில் முடியை மழித்து, மருந்து போட்டுத் துடைத்து, மரப்பு ஊசி போட்டார். அப்புறம் குழாய் மாட்டிய கூரான கம்பியை இறக்கி, கம்பியை மட்டும் உருவினார். காற்று சீறிக்கொண்டு வந்தது. எங்களுக்கு அது எல்லாம் ஒரே நேரத்தில் போய்விட்டால் தேவலை என்றிருந்தது. அவரோ குழாய் வாயில் விரலை வைத்து, விட்டு விட்டுத் திறந்தார். ஒரேயடியாக விட்டால் மாடு அதிர்ச்சியில் விழுந்துவிடுமாம். நல்ல மாட்டின் வயிற்றில் மணிக்கு 30 லிட்டருக்கு மேல் காற்று உண்டாகும், அதை அது ஏப்பமாகவே வெளியேற்றிவிடும், ஏப்பம் போகிற வழி அடைபட்டால் வயிறு நெஞ்சை நெருக்கி மூச்சை நிறுத்திவிடும் என்று, வேலை செய்துகொண்டே எங்களுக்கு விளக்கினார்.

மூச்சு சீரான பிறகுதான் வாய் திறப்பான் மாட்டி, நீளக் கையுறை போட்டுக் கையை உள்ளே விட்டார். கூட வந்த உதவியாளர் அண்ணன் கழுத்துக்கு வெளியிலிருந்து கொட்டையை மெதுவாக மேலே தள்ளிக் கொடுத்தார். நாரோடு வந்து விழுந்தது ஒரு பனங்கொட்டை. கூட்டத்தில் எழுந்த சத்தம் கடல்வரை கேட்டிருக்கும். பெட்ரோலுக்கு என்று கொடுத்த பணத்தைக்கூட டாக்டரம்மா வாங்க மறுத்துவிட்டார்.

கத்தியால் குத்திக் காற்றை விட்டுவிடலாம் என்றும் அன்று சிலர் சொன்னார்கள். மாட்டின் மேல் உள்ள அக்கறையில் சொன்னதுதான், எங்களுக்குக் கோபமில்லை. ஆனால் டாக்டரம்மா சொன்னதை எல்லோருக்கும் தெரியப்படுத்த வேண்டும்: இடம் தப்பினாலோ, கத்தி சுத்தமில்லாமல் போனாலோ வயிற்றுக்குள் சீழ் பிடித்து மாடு சாகும். வேறு வழியே இல்லை, மாடு கண்ணெதிரே சாகிறது என்ற நிலையில் மட்டும்தான் அதை நினைக்கலாம். எங்கள் ஊர்களில் நாலைந்து இளைஞர்களுக்காவது இந்த முதலுதவியை முறையாகச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று டாக்டரம்மாவிடம் கேட்டிருக்கிறோம். முகாம் வைத்தால் வருகிறேன் என்றிருக்கிறார். ஊர்ப் பெரியவர்கள் இதை முன்னின்று நடத்தித்தர வேண்டும்.

போகும்போது கூடியிருந்தவர்களிடம் அவர் சொன்ன வேறு இரண்டையும் இங்கே எழுதிவிடுகிறோம். விசேஷ வீட்டில் மிஞ்சிய சோற்றையும் பொங்கலையும் மாட்டுக்கு அள்ளிக் கொட்ட வேண்டாம். வயிறு புளித்து, உப்பிசத்தோடு விஷமாகவே மாறும். மழையில்லாமல் வாடிய சோளத்தின் இளந்துளிரிலும் மாட்டை விட வேண்டாம். அதில் சயனைடு ஏறியிருக்கும், நின்ற மாடு நின்ற இடத்தில் விழும். உடனே ரத்தத்தில் ஊசி ஏற்றினால்தான் மீட்க முடியும்.

காயம் ஆறும்வரை கன்றுக்குத் தன் மாட்டுப் பாலில் பங்கு கொடுத்த எதிர்வீட்டு அக்காவுக்கும், ஊசி மருந்து போட்டிருப்பதால் பால் ஊற்ற முடியாது என்றதும், "மாடு நல்லாகட்டும், அப்புறம் பார்க்கலாம்" என்று சொன்ன டீக்கடை அண்ணாச்சிக்கும் மனமார்ந்த நன்றி. எங்கள் தெருப் பிள்ளைகள் இப்போது காலையில் மாடு அவிழ்ப்பதற்கு முன்பே, விழுந்த பழங்களைப் பொறுக்கிவிடுகிறார்கள். கிழங்குக்குப் புதைக்கக் குவித்த கொட்டைகளைச் சுற்றிப் பெரியப்பா மட்டை வேலி கட்டியிருக்கிறார். மற்ற தெருக்காரர்களும் இதைச் செய்தால் நல்லது.

கடைசியாக ஒன்று. அன்று தூக்க உதவிய நீல நிற வடக்கயிறு எங்கள் வீட்டில் இருக்கிறது. மூக்கையூர் அண்ணன் ஒருவருடையது என்று சொல்கிறார்கள். கழுவிக் காயவைத்து எடுத்து வைத்திருக்கிறோம். வந்து வாங்கிக்கொள்ளுங்கள், வந்தால் சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும்.

இப்படிக்கு,
செவலைப் பசு வளர்க்கும் குடும்பத்தார்