வயர்லெஸ் செட் எத்தனை என்பதல்ல, ஆன்டெனா எவ்வளவு உயரம் என்பதே கேள்வி

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 2017 நவம்பர் இறுதியில் ஒக்கி புயல் வந்தபோது, ஆழ்கடலில் இருந்த குமரி மாவட்டப் படகுகள் பலவற்றுக்குக் கரையிலிருந்து எச்சரிக்கை போய்ச் சேரவே இல்லை. மீனவர்களுக்கு வயர்லெஸ் என்ற பேச்சு எழும்போதெல்லாம் எத்தனை செட் கொடுப்பார்கள் என்றுதான் இன்றும் கேட்கிறோம். கரை நிலையத்தின் ஆன்டெனா எத்தனை மீட்டர் உயரத்தில் நிற்கும் என்று முதலில் கேட்க வேண்டும்.

படகுகளும் கரையும் பேசிக்கொள்ளும் கடல்சார் விஎச்எஃப் (VHF) ரேடியோ அலை (அவசர அழைப்புக்கான 16ஆம் சானல் 156.8 மெகா ஹெர்ட்ஸ்) ஏறக்குறைய நேர்கோட்டில் போவது. பூமியின் வளைவு குறுக்கிட்டால் சத்தம் தேய்ந்துவிடும். கரையிலும் படகிலும் உள்ள ஆன்டெனா உயரங்களை மீட்டரில் எடுத்து, தனித்தனியே வர்க்கமூலம் கண்டு, கூட்டி, 4.12 ஆல் பெருக்கினால் எட்டும் தூரம் கிலோமீட்டரில் வரும். விசைப்படகில் 4 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். கரையில் மாடிக் கட்டடத்தின் மேல் 10 மீட்டரில் ஆன்டெனா வைத்தால் 21 கிலோமீட்டர், அதாவது பதினொன்றரை நாட்டிக்கல் மைல். 60 மீட்டர் டவர் என்றால் 40 கிலோமீட்டர். 400 மீட்டர் மலைமுகடு என்றால் 90 கிலோமீட்டர்! மேற்குத் தொடர்ச்சி மலை கடலுக்கு இத்தனை அருகில் இறங்கும் மாவட்டத்தில், துறைமுக அலுவலக மொட்டைமாடியில் ஆன்டெனா நடுவது கையில் இருப்பதை வீணாக்குவது. வாட்டைக் கூட்டி இதைச் சரிக்கட்ட முடியாது. 25 வாட் 50 ஆனால் கிடைப்பது வெறும் 3 டெசிபல் (சக்தி எத்தனை மடங்கு என்று சொல்லும் அளவு; 3 என்றால் இரு மடங்கு, 10 என்றால் பத்து மடங்கு).

மலையிலும் ஒரு சிக்கல் உண்டு. அலையை ஒரு திசையில் குவித்து 9 டெசிபல் கூட்டித் தரும் ஆன்டெனாவின் கற்றை மெல்லியது. உச்சியில் வைத்தால் அது அருகிலுள்ள கடலுக்கு மேலாகவே போய்விடும்; கற்றை கீழ்நோக்கிச் சாயும்படி செய்த ஆன்டெனாதான் வேண்டும். அலையில் உருளும் படகிலோ மெல்லிய கற்றை மேலும் கீழும் ஆடும் என்பதால், அங்கே 3 டெசிபல் ஆன்டெனாவே போதும்.

அடுத்து, கரை பேசுவது படகில் கேட்கும், படகு பேசுவது கரையில் கேட்காது. கரையில் 25 வாட், வள்ளத்தில் இருப்பவர் கையிலோ 5 வாட் வாக்கி டாக்கி. இடையே 7 டெசிபல் வித்தியாசம், ஆன்டெனாவும் தண்ணீரிலிருந்து இரண்டு மீட்டர்தான். எனவே எதுவரை பேச முடியும் என்ற எல்லைக் கோட்டை அந்த வாக்கி டாக்கியிலிருந்து கரைக்கு வரும் திசையில் கணக்கிட வேண்டும்.

கேபிளில் தொலைவது யார் கண்ணிலும் படுவதில்லை. 60 மீட்டர் டவருக்கு ஆர்ஜி-213 என்ற சாதாரண ஆன்டெனா கேபிளை இழுத்தால் ஏறக்குறைய 5 டெசிபல் போய், 25 வாட்டில் 8 வாட்தான் ஆன்டெனாவைச் சேரும். இழப்பு குறைந்த அரை அங்குல ஹீலியாக்ஸ் கேபிள் என்றால் 17 வாட் வரை மிஞ்சும். மழை நாளில் செட் எடுக்கவில்லை என்றால் மழையைக் குறை சொல்கிறார்கள். இந்த அலைவரிசையை மழை ஒன்றும் செய்யாது. கனெக்டரைத் திறந்து பார்த்தால் உப்புநீர் இறங்கி, செம்புப் பின்னல் பச்சை பூத்திருக்கும். கனெக்டர் மேல் தன்னோடு தானே ஒட்டும் ரப்பர் டேப்பை இழுத்துச் சுற்றி, அதன் மேல் பிவிசி டேப் சுற்றினால் நீர் இறங்காது. படகில் பேட்டரியிலிருந்து 10 மீட்டருக்கு 1.5 சதுர மில்லிமீட்டர் ஒயர் போட்டால், பேசும்போது 6 ஆம்பியரில் 1.4 வோல்ட் விழும். பட்டனை அழுத்தியதும் செட் அணைவது பெரும்பாலும் இதனால்தான்.

எதுவரை எட்டுகிறது என்ற சோதனையை நல்ல வெயில் நாளில் ஒரு தடவை செய்து முடித்துவிடக் கூடாது. கடல்மேல் காற்று அடுக்கடுக்காக நிற்கும் நேரங்களில் அலை வழக்கத்தைவிட மிகத் தொலைவு போகும். அதை நம்பி வரைபடம் போட்டால் மற்ற நாளில் ஏமாற்றும். படகு இரண்டு நாட்டிக்கல் மைலுக்கு ஒருமுறை நின்று, இரு பக்கமும் எண்களை வாசித்து, திருப்பிச் சொல்லச் சொல்லி, ஜிபிஎஸ் இடத்தோடு குறிக்க வேண்டும். வெவ்வேறு நேரங்களிலும் பருவங்களிலும் இதைத் திரும்பச் செய்ய வேண்டும்.

ஒக்கியில் மின்கம்பங்கள் சாய்ந்து பல ஊர்கள் நாள்கணக்கில் இருளில் கிடந்தன. பத்தில் ஒரு பங்கு நேரம் பேசும் 25 வாட் நிலையத்துக்கு 72 மணி நேரத்தில் ஏறக்குறைய 75 ஆம்பியர்-மணி செலவாகும். ஈய-அமில பேட்டரியைப் பாதிக்குமேல் இறக்கக் கூடாது என்பதால் 150 ஆம்பியர்-மணி வேண்டும்.

தூத்தூர் பகுதிப் படகுகள் போகும் நூற்றுக்கணக்கான நாட்டிக்கல் மைலுக்கு எந்த மலை ஆன்டெனாவும் எட்டாது. அங்கே செயற்கைக்கோள் வழியே செய்தி அனுப்பும் டிரான்ஸ்பாண்டர் கருவிதான். விஎச்எஃப் எதுவரை, அது எங்கிருந்து என்று கோடு போட்ட வரைபடத்தை மீன்வளத் துறை ஒவ்வொரு இறங்குதளத்திலும் ஒட்ட வேண்டும்.

வயர்லெஸ் தொழில்நுட்பப் பணியாளர்கள்,
நாகர்கோவில்