அந்த அறைக்குள் சொன்னது

அன்புள்ள தோழிக்கு,

ஸ்தோத்திரம். உன் கடைசிக் கடிதத்துக்கு நான் பதில் போடவில்லை, அதற்கு முந்தியதற்கும் போடவில்லை. கோபித்துக்கொள்ள உனக்கு முழு உரிமை இருக்கிறது. ஆனால் இதைப் படித்து முடித்துவிட்டுக் கோபித்துக்கொள். வீட்டில் எல்லாரும் சுகம். அவருக்கு முதுகுவலி தேவலை. பெரியவள் படிப்பை முடித்துவிட்டாள், சின்னவன் இன்னும் கிட்டாரைக் கீழே வைக்கவில்லை. உன் மாமியார் எழுந்து நடக்க ஆரம்பித்துவிட்டார்கள் என்று ஆர்மோனிய அக்கா சொன்னார்கள், ரொம்பச் சந்தோஷம்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் ஒரு காரியம் நடந்துவிட்டது என்று எழுதத்தான் முதலில் பேனாவை எடுத்தேன். அடித்துவிட்டேன். அது தானாக நடக்கவில்லை, நான் செய்தேன்.

எங்கள் குழு இப்போது பதினோரு பேர். ஐந்து பேரோடு ஆரம்பித்தபோது நீ வந்து ஜெபித்துவிட்டுப் போனாயே, அதே அறைதான். இரண்டு பாட்டு, வேதபாடம், அப்புறம் ஜெப விண்ணப்பங்கள், ஜெபம், ஒன்றரை மணி நேரத்தில் முடிப்பது. நேரத்துக்கு முடிப்பதில் நான் கண்டிப்பாக இருக்கிறேன். பவுல் நடுராத்திரி வரை பேசியதால்தான் ஐத்திகு ஜன்னலிலிருந்து விழுந்தான் என்று நீ வார்டன் அம்மா முன்னாலேயே சொன்னதை இன்றைக்கும் இங்கே சொல்லிச் சிரிக்கிறோம். நம் பேஸ் குரல் அண்ணன் மட்டும் இன்னும் ஆதியாகமத்தில் ஆரம்பித்து வெளிப்படுத்தலில் முடிக்கிற ஜெபத்தை விடவில்லை. அவரிடம் தனியாகப் பேசினேன். "முதலில் இரண்டு மூன்று பேர் சின்னதாக ஜெபிக்கட்டும், கடைசியில் நீங்கள் முடித்துவையுங்கள்" என்றேன். பெரிய ஜெபத்துக்குப் பின்னால் வாய் திறக்கப் புதியவர்கள் பயப்படுகிறார்கள் என்று எடுத்துச் சொன்னதும் உடனே ஒத்துக்கொண்டார். நல்ல மனுஷன்.

எங்கள் குழுவில் ஒரு தங்கை இருக்கிறாள். கதவோரத்து நாற்காலியில்தான் உட்காருவாள். வாசிக்கச் சொன்னால் வாசிப்பாள், கேள்வி கேட்டால் தலையைக் குனிந்துகொள்வாள். ஐந்து மாதம் அப்படியே வந்தாள். ஒரு வெள்ளிக்கிழமை சங்கீதம் 13 பார்த்துக்கொண்டிருந்தோம். ஆறே வசனம். முதல் இரண்டு வசனத்திலேயே தாவீது நான்கு தரம் "எதுவரைக்கும்" என்று கேட்கிறான். "இந்தக் கேள்வியை யாராவது தேவனிடத்தில் கேட்டிருக்கிறீர்களா?" என்றேன். அறை அமைதியாகிவிட்டது. முன்பெல்லாம் அந்த அமைதியை என்னால் ஐந்து விநாடி தாங்க முடியாது, நானே பதிலையும் சொல்லிவிடுவேன். கேள்வி கேட்டுவிட்டுப் பத்து வரை எண்ணு என்று நீதான் சொல்லிக்கொடுத்தாய். எண்ணினேன். பத்து தாண்டியும் பேசாமல் இருந்தேன். அவள் பேசினாள்.

என்ன சொன்னாள் என்று உனக்கும் எழுதமாட்டேன். ஏன் என்று கொஞ்ச நேரத்தில் உனக்கே புரியும்.

யாரும் வசனம் எடுத்துக் கொடுக்கவில்லை, யாரும் புத்தி சொல்லவில்லை. எல்லாவற்றையும் இழந்து உட்கார்ந்திருந்த யோபுவைப் பார்க்க வந்த சிநேகிதர்கள் முதல் ஏழு நாளும் தரையில் கூடவே உட்கார்ந்து ஒரு வார்த்தையும் பேசாமல் இருந்தார்கள் இல்லையா? அவர்கள் செய்ததிலேயே நல்லது அதுதான் என்று நான் எப்போதும் நினைப்பேன். எங்கள் ஆட்களும் அப்படித்தான் இருந்தார்கள். பக்கத்தில் இருந்த பெரியம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டார்கள். குழு ஆரம்பித்த நாளிலிருந்து எந்த ஐக்கியத்துக்காக ஜெபித்தேனோ அது அன்றைக்கு எங்கள் நடுவில் வந்து உட்கார்ந்தது போல இருந்தது. எல்லாரும் போனபிறகும் எனக்கு நெஞ்சு நிறைந்திருந்தது.

அந்த நிறைவோடேயே போனை எடுத்து, சபைச் சகோதரிகளின் ஜெபக்குழுவுக்குச் செய்தி அனுப்பினேன். "எங்கள் வீட்டுக் கூட்டத்தில் ஒரு சகோதரிக்காகப் பாரத்தோடு ஜெபியுங்கள்" என்று ஆரம்பித்து, என்ன காரியம் என்பதையும் இரண்டு வரியில் எழுதினேன். பெயர் போடவில்லை. பெயர் போடாததால் ஜாக்கிரதையாக இருந்துவிட்டோம் என்றுகூட நினைத்தேன். எங்கள் குழுவுக்கு யார் யார் வருகிறார்கள் என்று சபையில் எல்லாருக்கும் தெரியும். அந்த இரண்டு வரியே போதுமானதாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வெளியே வரும்போது ஒரு மூத்த சகோதரி அவளைக் கட்டிப்பிடித்து அழுதார்கள். கெட்ட எண்ணம் துளியும் கிடையாது. இன்னும் இரண்டு பேர் வந்து தைரியம் சொன்னார்கள். அவள் அவர்களைப் பார்க்கவே இல்லை. அவர்கள் தோளுக்கு மேலே கண்ணை உயர்த்தி என்னைத் தேடினாள். அந்தப் பார்வையை உனக்கு எப்படி எழுதுவது?

அடுத்த வெள்ளிக்கிழமை கதவோர நாற்காலி காலி. அதற்கடுத்த வெள்ளியும் காலி.

முதல் மூன்று நாள் எனக்குள்ளேயே வாதாடிக்கொண்டிருந்தேன். ஜெபத்துக்காகத்தானே அனுப்பினேன், வம்பளக்கவா அனுப்பினேன்? யாக்கோபு ஐந்தாம் அதிகாரத்தில் குற்றங்களை ஒருவருக்கொருவர் அறிக்கையிட்டு ஒருவருக்காக ஒருவர் ஜெபம்பண்ணுங்கள் என்றுதானே இருக்கிறது? அந்த வசனத்தை எடுத்துத் திரும்ப வாசித்தபோதுதான் வாய் அடைத்தது. "ஒருவருக்கொருவர்" என்று போட்டிருக்கிறது. யாரிடம் சொல்வது என்பதைச் சொல்கிறவர்தான் தீர்மானிக்க வேண்டும். அவள் எங்கள் அறையில் இருந்தவர்களைத் தேர்ந்துகொண்டாள். நான் அவளைக் கேட்காமலே அந்த வட்டத்தைப் பெரிதாக்கிவிட்டேன்.

அப்புறம் அவள் வீட்டுக்குப் போனேன். சொல்ல வேண்டியதை வழியெல்லாம் மனப்பாடம் பண்ணிக்கொண்டு போனேன். கதவைத் திறந்தாள், உட்காரச் சொன்னாள், எனக்கு எல்லாம் மறந்துபோயிற்று. "தப்புப் பண்ணிட்டேன்" என்று மட்டும் வந்தது. அவள் சத்தம் போடவில்லை. கொஞ்ச நேரம் கழித்துச் சொன்னாள்: "அக்கா, எனக்காக ஜெபம் பண்ணினதுல எனக்கு வருத்தம் இல்ல. எனக்கு அதைச் சொல்றதுக்கு அஞ்சு மாசம் ஆச்சு. உங்களுக்கு அதை அனுப்புறதுக்கு அரை மணி நேரங்கூட ஆகலையே."

என்னிடம் பதில் இல்லை. மன்னிப்புக் கேட்டேன். "சரிக்கா" என்றாள். மன்னித்துவிட்டாளா, பேச்சை முடித்தாளா என்று எனக்குத் தெரியவில்லை. கிளம்பும்போது ஜெபித்துவிட்டுப் போகலாமா என்று நாக்கு நுனி வரை வந்தது. கேட்கவில்லை. அந்த ஜெபம் அவளுக்காக இருந்திருக்காது, என் மனசு ஆறுவதற்காக இருந்திருக்கும். ஜெபிக்காமல் ஒரு வீட்டிலிருந்து நான் எழுந்து வந்தது அதுதான் முதல் தடவை.

வீட்டுக்கு வரும்போதுதான் இன்னொன்று உறைத்தது. ஐந்து மாதமாக அவள் என் வீட்டுக்கு வருகிறாள், நான் அவள் வீட்டுக்குள் நுழைந்தது அன்றைக்குத்தான். தப்பு செய்தபிறகுதான் போயிருக்கிறேன்!

நீ எப்போது பார்த்தாலும் சபை வரலாறு வரலாறு என்று உயிரை வாங்குவாயே, மெதடிஸ்ட் இயக்கத்தை ஆரம்பித்த ஜான் வெஸ்லியின் வகுப்புக் கூட்டங்களைப் பற்றி, அதுதான் அவருடைய ஆட்கள் சின்னச் சின்னக் குழுவாகக் கூடினது, நீ எழுதியிருந்த அந்த நீளமான கடிதத்தைத் தேடி எடுத்தேன். அன்றைக்குப் பாதியில் மூடி வைத்தது. இப்போது முழுதும் வாசித்தேன், கோபித்துக்கொள்ளாதே. 1742-ல் இங்கிலாந்தில் பிரிஸ்டலில் அது ஆரம்பித்ததே கூட்டம் நடத்துவதற்காக இல்லை, ஆராதனை நடத்திய கட்டடத்தின் கடனை அடைக்க என்பது எனக்கு மறந்தே போயிருந்தது. ஆளுக்கு வாரம் ஒரு பென்னி, அவர்கள் ஊர்ச் சில்லறைக் காசு. எல்லாராலும் முடியாதே என்று ஒருவர் தயங்க, ஃபாய் என்ற கேப்டன் எழுந்து, ஏழைகளிலும் ஏழைகளாகப் பதினோரு பேரை என்னிடம் விடுங்கள், கொடுக்க முடியாதவருக்காக நான் போட்டுவிடுகிறேன் என்றார். அப்படித்தான் பன்னிரண்டு பேருக்கு ஒரு தலைவர் என்று வந்தது. அந்தத் தலைவர் வாரா வாரம் வீடு வீடாகப் போனார். பென்னி வாங்கப் போன இடத்தில், யார் எப்படி வாழ்கிறார்கள், யார் எதில் சிக்கியிருக்கிறார்கள் என்பதெல்லாம் தெரியவந்தது. வீடு வீடாகப் போவதில் சிரமங்கள் வந்தன. வேலைக்காரர்களாக இருந்தவர்களை எஜமானர் வீட்டில் போய்ப் பார்க்க விடவில்லை. ஒருவர் சொன்னதை இன்னொருவர் மறுத்தால், இருவரையும் எதிரெதிரே உட்காரவைக்காமல் தீரவில்லை. அதற்கப்புறம்தான் எல்லாரும் ஒரே இடத்தில் கூடினார்கள்.

இதை வாசித்துவிட்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். அவர்களுக்கு வீடு முதலில் வந்தது, கூட்டம் பிறகு வந்தது. நான் பாட்டுத் தாள், கேள்வித் தாள், நாற்காலி வரிசை எல்லாவற்றையும் பார்த்துப் பார்த்துச் செய்தேன். வெள்ளிக்கிழமை ஒன்பது மணிக்குக் கதவைச் சாத்தினால் அடுத்த வெள்ளி வரை அவர்களை மறந்தும் இருந்தேன்.

மூன்றாம் வெள்ளிக்கிழமை வேதபாடம் எடுக்கவில்லை. அவள் சொன்னதைத் திரும்பச் சொல்லாமல், நான் செய்ததை மட்டும் குழுவிடம் சொன்னேன். மத்தேயு 18-ஐத் திறந்தோம். ஆள் குறைவாக வந்த நாளில் எல்லாரும் ஆறுதலுக்கு எடுக்கிற வசனம் இருக்கிறதே, இரண்டு பேராவது மூன்று பேராவது கூடினால் அங்கே நான் இருக்கிறேன் என்று, அதற்கு ஐந்து வசனம் முன்னால் போய் 15-ஆம் வசனத்தைப் பார். சகோதரன் குற்றம் செய்தால், "நீயும் அவனும் தனித்திருக்கையில்" உணர்த்து என்று ஆரம்பிக்கிறது. கேட்காவிட்டால்தான் இன்னும் இரண்டொருவர், அதற்கும் கேட்காவிட்டால்தான் சபை. குற்றம் செய்தவனுக்கே இவ்வளவு மறைவு வைத்திருக்கிறார் ஆண்டவர். குற்றம் ஒன்றும் செய்யாமல் பாரத்தோடு வந்தவளுக்கு நான் அதைக்கூட வைக்கவில்லை.

பேஸ் குரல் அண்ணன் மறுத்துப் பேசினார். நிறையப் பேர் ஜெபித்தால் நல்லதுதானே, இப்படிப் பூட்டி வைத்தால் யாருக்கு உதவி கிடைக்கும் என்றார். நியாயமான கேள்விதான். அரை மணி நேரத்துக்கு மேல் பேசினோம். அறையில் சொன்னது அறையோடு இருக்கும் என்று கடைசியில் ஒத்துக்கொண்டோம். மற்றவர்களிடம் ஜெபத்துக்குக் கொடுக்க வேண்டுமென்றால் சொன்னவரிடமே கேட்போம், சம்மதித்தால் எந்த வார்த்தையில் சொல்வது என்றும் அவரிடமே கேட்போம். வீட்டில் கணவனிடமோ மனைவியிடமோ சொல்வதற்கும் இதே சட்டம்தான். இதில் எனக்கே கஷ்டம் இருக்கிறது, உனக்குத் தெரியும். யாருடைய உயிருக்காவது ஆபத்து, ஒரு பிள்ளைக்குத் தீங்கு என்று தெரிந்தால் மட்டும் மறைக்கமாட்டோம், உதவி செய்யக்கூடியவர்களிடம் போவோம். அதை முன்கூட்டியே எல்லாருக்கும் சொல்லிவிடுவோம். புதிதாக யார் வந்தாலும் முதல் நாளே இதைச் சொல்ல வேண்டும் என்று பெரியம்மா சேர்த்தார்கள்.

இப்போது புதன்கிழமைதோறும் ஒரு வீட்டுக்குப் போகிறேன். தாள் கொண்டுபோவதில்லை. போன வாரம் ஒருவர் வீட்டில் ஒன்றரை மணி நேரம் அவர் பேச, நான் கேட்டுக்கொண்டிருந்தேன். இரண்டரை வருஷமாக வருகிறவரைப் பற்றி அன்றைக்குத்தான் எனக்கு ஏதோ தெரிந்தது.

உன்னிடம் கேட்க இன்னொன்று இருக்கிறது. குழுவை இரண்டாகப் பிரிக்கலாமே என்று போதகர் சொல்கிறார். பதினோரு பேர் இன்னும் கூடினால் பேசாதவர்கள் பேசாமலே போய்விடுவார்கள் என்று எனக்கும் தெரிகிறது. ஆனால் இந்தக் காயம் ஆறும் முன்னே பிரித்தால், யார் எந்தப் பக்கம் போகிறார்கள் என்பதே ஒரு பேச்சாகிவிடுமோ என்று பயப்படுகிறேன். நீ இரண்டு தரம் பிரித்திருக்கிறாய். எப்படிச் செய்தாய், யாரிடம் முதலில் சொன்னாய் என்று விவரமாக எழுது. இந்த முறை முழுதும் வாசிப்பேன், சத்தியம். வருகிறேன் வருகிறேன் என்று மூன்று வருஷமாகச் சொல்கிறாயே, அதையும் நான் மறக்கவில்லை.

அவள் இன்னும் கூட்டத்துக்கு வரவில்லை. நான் போகிறேன், கதவைத் திறக்கிறாள். சில நாள் அதிகம் பேசமாட்டோம், வாசித்துக்கொண்டிருந்த சங்கீதத்தை அவள் விட்ட இடத்திலிருந்து சேர்ந்து வாசிப்போம். நேற்றுப் போனபோது, "எனக்கு ஒரு பழைய சிநேகிதி இருக்கா, அவளுக்கு இதைப் பத்தி எழுதலாமா?" என்று கேட்டேன். "என்னத்தை எழுதுவீங்க?" என்றாள். "நான் பண்ணினதை மட்டும்" என்றேன். கொஞ்சம் யோசித்தாள்.

"எழுதுங்க" என்றாள்.

உன் அன்புத் தோழி