மண்ணைப் போட்டு மூடாதே, கண்ணு

திருச்செங்கோடு,
ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள கண்ணு,

நேற்று நீ போனில் சொன்னதிலிருந்து அப்பாவுக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. கர்நாடகத்து ஹட்டித் தங்கச் சுரங்கத்தில் ரசாயனம் எங்கே சிந்தினாலும் முதலில் போய் நிற்கிற குழுவில் உன்னையும் சேர்த்துவிட்டார்கள் என்றாய். அம்மா உடனே அர்த்தநாரீசுவரருக்கு நேர்ந்துகொண்டாள். எனக்குப் பெருமையாகவும் இருக்கிறது, பயமாகவும் இருக்கிறது. உன்னிடம் இத்தனை வருசம் சொல்லாத ஒன்றைச் சொல்லியாக வேண்டும் அம்மிணி. போனில் வாய் வரவில்லை, அதனால் எழுதுகிறேன்.

நீ நாலாவது படித்த வருசம், ஐப்பசி மாதம். நான் வேலை பார்த்த சுண்ணாம்புக்கல் குவாரியில் டம்பருக்கு டீசல் பிடித்துக்கொண்டிருந்தேன். குழாயை டேங்கில் சொருகிவிட்டு டீ வாங்க நகர்ந்தேன். திரும்பி வந்தால் குழாய் நழுவித் தரையில் கிடக்கிறது, டீசல் ஓடிக்கொண்டே இருக்கிறது. ஒரு பேரல் போயிருக்கும். மேஸ்திரியிடம் ஓடினேன். "சத்தம் போடாதே, மண்ணைப் போட்டு மூடு" என்றார். வேலை போய்விடுமே என்ற பயத்தில் எனக்கும் அதுவே வசதியாக இருந்தது. மூடினோம். அன்று ராத்திரி அடித்த மழை அந்த மண்ணையும் சேர்த்துப் பள்ளத்துக்கு இழுத்துக்கொண்டு போனது.

மூன்றாம் நாள், குவாரிக்குக் கீழே இருந்த தோட்டத்துக்காரர் கிணற்று மேட்டில் நின்று தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார். தண்ணீர்மேல் மயில் கழுத்து மாதிரி நீலமும் பச்சையுமாக ஒரு படலம். கல்தொட்டியில் இறைத்து வைத்திருந்ததை எருமை முகர்ந்து பார்த்து, தலையை உதறிவிட்டு நகர்ந்துகொண்டது. "இதென்னங்க இப்படி?" என்று என்னிடமே கேட்டார். "தெரியலீங்க" என்று சொல்லிவிட்டு வந்தேன். அதற்கப்புறம் அவர் சம்சாரம் பொதுக்குழாயிலிருந்து குடம் சுமந்ததை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன்.

அன்றைக்கே வாய் திறந்திருந்தால் பள்ளத்தின் வாயில் வரப்புக் கட்டி, டீசல் ஊறிய மண்ணை வெட்டிப் பேரலில் அள்ளித் தார்ப்பாய் போட்டு மூடியிருக்கலாம். அரை நாள் வேலை.

உங்கள் ஆலையில் தங்கத்தைப் பிரிக்க வைத்திருக்கிற சயனைடு டீசலைப் போல எத்தனையோ மடங்கு கொடியது. கிர்கிஸ்தானில் கும்தோர் தங்கச் சுரங்கத்துக்குப் போன லாரி 1998 மே 20 அன்று ஆற்றில் கவிழ்ந்து, 1,700 கிலோவுக்கு மேல் சோடியம் சயனைடு தண்ணீரில் கொட்டியது. ஆற்றோரக் கிராமங்களுக்குச் சேதி போய்ச் சேர மணிக்கணக்கானது. அந்த மணிக்கணக்குதான் என்னை உறுத்துகிறது.

நீ படித்தவள், இருந்தாலும் சொல்கிறேன். அந்த வெள்ளைச் சயனைடு கட்டிகள் சிந்தினால் யாராவது தண்ணீர் ஊற்றிக் கழுவிவிடப் பார்ப்பார்கள், விடாதே. ஈரம் படாமல் கூட்டி அள்ள வேண்டும். ஆசிட் அதன் பக்கத்தில் வரவே கூடாது, பட்டால் கிளம்புகிற வாயு ஆளைக் கொன்றுவிடும். மூக்கை நம்பாதே, அந்த வாசம் சில பேருக்குத் தெரிவதே இல்லை. யாராவது விழுந்து கிடந்தாலும் பதறி ஓடாதே. காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார், மூச்சுக் கருவியை மாட்டிக்கொண்டு போ. தூக்கப் போன ஆளும் கூடவே விழுவது சுரங்கத்தில் நடக்கிறதுதான். அப்புறம், சிந்திய டீசலுக்கு மரத்தூள் போடுகிற பழக்கத்தில் வெடிமருந்துக்கான அம்மோனியம் நைட்ரேட்டுக்கும் போட்டுவிடுவார்கள். தீப்பிடிக்க அது போதும்.

சிந்தியதைச் சொல்ல ஒருத்தன் வரும்போது உன் முகம் எப்படி இருக்கிறது என்பதையும் பார்த்துக்கொள் சாமி. கை நடுங்க ஓடி வந்து "கொட்டிடுச்சு மேடம்" என்கிற கான்ட்ராக்ட் ஆளிடம் முதலில் "உனக்கு ஏதாவது பட்டுச்சா?" என்று கேள். கன்னடத்தில் அதை எப்படிக் கேட்பதென்று இன்றைக்கே கற்றுக்கொள். திட்டினால், அடுத்த தடவை அவன் மண்வெட்டியைத்தான் தேடுவான், நான் தேடினேனே அந்த மாதிரி.

தோட்டத்துக்காரர் இப்போதும் சந்தையில் பார்த்தால் உன்னைப் பற்றித்தான் முதலில் விசாரிப்பார். நாளைக் காலையில் அவர் வீட்டுக்குப் போய் அந்த டீசலைப் பற்றிச் சொல்லிவிட்டு வருகிறேன். அவர் என்ன சொன்னார் என்று ராத்திரி போனில் சொல்கிறேன்.

அன்புடன்,
அப்பா