சிறுநீரகம் விற்ற தொழிலாளர்களைக் குற்றவாளிகளாக்க வேண்டாம்: கோரிக்கை மனு

அனுப்புநர்
விசைத்தறித் தொழிலாளி,
பள்ளிபாளையம், நாமக்கல் மாவட்டம்.

பெறுநர்
அரசுச் செயலாளர்,
மக்கள் நல்வாழ்வு மற்றும் குடும்ப நலத் துறை,
தலைமைச் செயலகம், சென்னை-9.

பொருள்: சிறுநீரகம் விற்றவர்களுக்குச் சட்டப் பாதுகாப்பும் தொடர் சிகிச்சையும் கோருதல் – தொடர்பாக.

ஐயா,

வணக்கம். எங்கள் ஊரில் தறி ஓட்டப் போகும்போதே முதலாளியிடம் முன்பணம் வாங்கிவிடுகிறோம். அது கழிவதற்குள் குழுக்கடன், வாரவட்டி என்று சேர்ந்துவிடும். தவணை தவறிய வீடாகப் பார்த்துத்தான் சிறுநீரகத் தரகர் வருகிறார். 2025 ஜூலையில் இது செய்தியாகி, அரசும் விசாரித்தது.

என்னோடு வேலை செய்தவர் ஒருவர் சிறுநீரகத்தைக் கொடுத்துவிட்டு வந்தார். பேசிய தொகையில் பாதிகூட அவர் கைக்கு வரவில்லை. இப்போது பாவு நூல் சுற்றிய கனமான உருளையை (பீம்) தூக்கித் தறியில் மாட்டப் போனால் விலாவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறார். இரவு ஷிப்டுக்கு நிற்க முடியவில்லை, கூலியும் குறைந்துவிட்டது. புகார் கொடுக்கலாம் என்றால், "நானும் காசு வாங்கினவன்தானே" என்கிறார். அவர் பயப்படுவதில் நியாயம் இருக்கிறது. 1994-ஆம் ஆண்டு உறுப்பு மாற்றுச் சட்டப்படி, பணம் கொடுத்தவர், வாங்கியவர், தரகர் எல்லோருக்கும் ஒரே தண்டனைதான்: 5 முதல் 10 ஆண்டு சிறை, 20 லட்சம் முதல் 1 கோடி ரூபாய் வரை அபராதம். விற்றவர் வாய் திறக்காத வரை தரகருக்கு என்ன கவலை?

ஈரானைப் போல விற்பனையை அனுமதித்து நல்ல விலை கொடுத்தால் சரியாகிவிடும் என்று சிலர் சொல்கிறார்கள். சென்னையில் சிறுநீரகம் விற்ற 305 பேரிடம் நடத்திய ஆய்வு 2002-ல் வெளிவந்தது. அவர்களில் 96 சதவீதம் பேர் கடனுக்காக விற்றவர்கள். விற்ற பிறகும் முக்கால்வாசிப் பேருக்குக் கடன் இருந்தது. குடும்ப வருமானமோ மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது. எவ்வளவு விலை வைத்தாலும் விற்கப் போவது கடன்பட்டவர்தான். கந்துவட்டிக்காரர் வாசலில் நிற்கும்போது சொல்லும் சம்மதத்தைச் சம்மதம் என்று எப்படி எடுத்துக்கொள்வது?

ஆகவே, முன்வந்து வாக்குமூலம் தருகிறவர்களைச் சாட்சியாக மட்டுமே நடத்த வழி செய்யுங்கள். அவர்களுக்கு ஆண்டுதோறும் கிரியாட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ரத்தப் பரிசோதனை), ரத்த அழுத்தம், சிறுநீர்ப் பரிசோதனையை அருகிலுள்ள அரசு மருத்துவமனையிலேயே இலவசமாகச் செய்து தர வேண்டும். அப்புறம், உறவினர் அல்லாதவர் 'அன்பின் பேரில்' கொடுப்பதாக வரும் மனுக்களில், இருவரும் சேர்ந்து எடுத்த போட்டோவை மட்டும் நம்பக் கூடாது. கொடுப்பவரைத் தனியே உட்காரவைத்து, அவருடைய கடன் விவரத்தை, உறுப்பு மாற்றுக்கு அனுமதி தரும் அங்கீகாரக் குழு கேட்க வேண்டும். இருவருடைய வருமானத்தையும் ஒப்பிட்டுப் பார்க்க விதியே இருக்கிறது.

டயாலிசிஸில் காத்திருப்பவர்களின் வேதனையும் எங்களுக்குப் புரிகிறது. 2008 முதல் நடக்கும் மூளைச்சாவு உறுப்புக்கொடைத் திட்டத்தை எல்லா மாவட்ட மருத்துவமனைகளுக்கும் விரிவாக்கி, அவர்களுக்கு உதவுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(கையொப்பம்)