ரிச்மண்டின் உப்புப் பஞ்சம்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

அமெரிக்க உள்நாட்டுப் போர் பற்றிய தங்கள் தொடரில், தென்தரப்பின் தலைநகரான ரிச்மண்டில் நடந்த 'ரொட்டிக் கலகம்' குறித்த பகுதியைப் படித்தேன். முற்றுகையில் சிக்கிய நகரில் மாவு தீர்ந்துபோகவே பெண்கள் தெருவில் இறங்கினார்கள் என்கிறார் கட்டுரையாளர். கலகம் நடந்தது 1863 ஏப்ரல் 2. நகரைச் சுற்றிப் பதுங்குகுழிப் போர் தொடங்கியது 1864 ஜூனில். பதினான்கு மாதம் கழித்து வந்த முற்றுகையைக் கலகத்துக்குக் காரணம் காட்ட முடியாது. மாவு விஷயத்துக்கு வருவோம்.

ரிச்மண்ட் 'டிஸ்பாட்ச்' நாளிதழ் 1863 ஜனவரி கடைசியில் ஒரு பலசரக்குப் பட்டியல் வெளியிட்டது. ஒரு சிறு குடும்பத்துக்கு ஒரு வாரத்துக்கு ஆகும் சாமான். 1860இல் என்ன விலை, இப்போது என்ன விலை. மொத்தம் 6 டாலர் 55 சென்ட்டாக இருந்தது 68 டாலர் 25 சென்ட் ஆகியிருந்தது. எல்லாரும் இந்த மொத்தத்தைத்தான் எடுத்துக் காட்டுவார்கள். பட்டியலை வரிவரியாகப் பார்த்தால் வேறு கதை தெரியும். கோதுமை மாவு 30 ராத்தல் (ராத்தல் என்பது சுமார் 450 கிராம்) 1.50 டாலரிலிருந்து 3.75க்குப் போயிருக்கிறது, அதாவது இரண்டரை மடங்கு. உப்பிட்டுப் புகையூட்டிய பன்றிக்கறி 10 ராத்தல் 1.25இலிருந்து 10 டாலர்: எட்டு மடங்கு. பன்றிக்கொழுப்பும் எட்டு மடங்கு. வெண்ணெய் ஏழு, சோப்பு பதினொன்று. மிளகும் உப்பும் சேர்த்து 10 சென்ட்டாக இருந்தது இரண்டரை டாலர். இருபத்தைந்து மடங்கு!

அந்த மாதத்தில் ஒரு தங்க டாலர் வாங்கச் தென்தரப்பு அச்சிட்ட காகித டாலர் சுமார் 3 கொடுக்க வேண்டியிருந்தது. அந்தக் கணக்கில் மாவு விலை ஏறவே இல்லை, சற்று இறங்கியிருக்கிறது என்றுகூடச் சொல்லலாம். கோதுமை விளைந்தது ரிச்மண்ட் இருக்கும் வர்ஜீனியா மாநிலத்திலேயே. அரைத்தவை ஜேம்ஸ் ஆற்று வீழ்ச்சியின் நீர்விசையில் ஓடிய காலிகோ, ஹாக்ஸால் ஆலைகள். போருக்கு முன் பிரேசில்வரை மாவு அனுப்பியவை. காபி நாற்பது மடங்கு ஏறியதற்கு வடதரப்பின் கடல் மறிப்பு காரணம், அதில் சந்தேகமில்லை. ஆனால் காபி இல்லாமல் யாரும் சாவதில்லை. கோதுமைக்கு உறவான 'ரை' தானியத்தையும், துண்டு போட்டுக் காயவைத்த சர்க்கரைவள்ளிக் கிழங்கையும் வறுத்துப் பொடித்துச் சமாளித்தார்கள்.

சமாளிக்க முடியாமல் போனது உப்புதான். தென்மாநிலங்களின் அன்றாடக் கறி பன்றிக்கறி. குளிர்பதனம் இல்லாத காலத்தில் டிசம்பர், ஜனவரிக் குளிரில் அறுத்து, உப்புக்கண்டமாக்கி, அதை வைத்துத்தான் அடுத்த குளிர்காலம்வரை ஓட்ட வேண்டும். 100 ராத்தல் கறிக்கு 8 முதல் 10 ராத்தல் உப்பு பிடிக்கும். அறுத்ததை ஓர் இரவு ஆறவிட்டு, உப்பைத் தேய்த்து மரத்தொட்டியில் அடுக்கி, ஊறும் நீரை வடித்து, சில நாள் கழித்து மறுபடி தேய்த்து, மொத்தம் நாலிலிருந்து ஆறு வாரம் வைத்திருந்து, பிறகு புகையறையில் தொங்கவிடுவார்கள். உறையும் குளிர் என்றால் உப்பு உள்ளே இறங்காது. வெயில் ஏறிவிட்டாலோ, எலும்பை ஒட்டிய சதை முதலில் கெடும். மேலே பார்த்தால் தெரியாது, வெட்டினால்தான் நாறும். பன்றி காத்திருக்கும், குளிர் காத்திருக்காது. உப்பு ஒரு மாதம் தாமதித்தால் அந்த ஆண்டுக் கறி போயிற்று. கறியோடு கொழுப்பும், கொழுப்போடு சோப்பும் போயிற்று. சாம்பலை வடித்துக் காரநீர் எடுக்கலாம், அதோடு சேர்த்துக் காய்ச்ச நெய்ப்பசை வேண்டுமே. அந்தப் பட்டியலில் ஒன்றாக ஏறிய சாமான்களை இணைக்கும் கயிறு இதுதான்.

போருக்கு முன் லிவர்பூலிலிருந்து பருத்தி ஏற்ற வரும் கப்பல்கள் அடிச்சுமையாக உப்பைக் கொண்டுவந்து மலிவாகக் கொட்டின. அதனால் உள்நாட்டில் உப்புக் காய்ச்சுவதை யாரும் பெரிதாக எண்ணவில்லை. கப்பல் நின்றதும் வர்ஜீனியாவுக்கு எஞ்சியது தென்மேற்கு மலைப்பகுதியில் சால்ட்வில் என்ற ஊரின் உவர்க்கிணறுகள். நம் தூத்துக்குடி உப்பளத்தைப் போலப் பாத்தி கட்டி வெயிலிடம் விடும் வேலை அல்ல அது. கிணற்று நீரை இறைத்து, வரிசையாகப் பதித்த இரும்புக் கொப்பரைகளில் இரவுபகலாகக் காய்ச்ச வேண்டும். காடு காடாக விறகு போகும். விறகு வெட்டியவர்களிலும் கொப்பரையடியில் நின்றவர்களிலும் பெரும்பகுதி, முதலாளிகள் ஆண்டுக் கூலிக்கு விட்ட கறுப்பின அடிமைகள். கட்டுரையில் அவர்களைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. 1860 கணக்குப்படி ரிச்மண்டின் 37,910 பேரிலேயே பத்துக்கு மூன்று பேர் அடிமைகள்.

காய்ச்சிய உப்பு 400 கிலோமீட்டருக்கு மேல் பயணித்து நகருக்கு வர வேண்டும்: வழியிலுள்ள லிஞ்ச்பர்க் நகர்வரை ரயில், அங்கிருந்து ரயிலோ கால்வாய்ப் படகோ. தண்டவாளம் தேய்ந்துபோனால் மாற்றப் புதிது கிடையாது. ரிச்மண்டின் டிரெடகர் இரும்பாலை பீரங்கி வார்ப்பதிலும் போர்க்கப்பலுக்குக் கவசத் தகடு அடிப்பதிலும் மூழ்கிக் கிடந்தது. இருக்கிற வண்டிகளிலும் ராணுவச் சரக்கு முதலில் ஏறும், உப்பு நிலையத்தில் கிடக்கும்.

ஏழைகள் புகையறையின் மண்தரையைத் தோண்டினார்கள். ஆண்டுக்கணக்காகக் கறியிலிருந்து சொட்டிய உப்பு அந்த மண்ணில் ஊறியிருக்கும். அடியில் துளையிட்ட பீப்பாயில் வைக்கோலைப் பரப்பி, மேலே மண்ணைக் கொட்டி, தண்ணீர் ஊற்றி, சொட்டும் நீரைக் காய்ச்சி, நுரையை வழித்தெடுத்தால் பழுப்பு நிறத்தில் கரடுமுரடான ஓர் உப்பு மிஞ்சும். ஒருமுறை எடுத்த மண்ணில் மறுமுறை கிடைக்காது என்பதுதான் சிக்கல். கறிக்குச் சிவப்பு நிறம் தரும் வெடியுப்பையோ கேட்கவே முடியாது, அது வெடிமருந்துக்குப் போய்விட்டது.

மாவு விலை எகிறியது மார்ச்சில், அரசின் கைங்கரியத்தால். ராணுவக் கொள்முதல் அதிகாரிகள் ஆலைகளிலும் கிடங்குகளிலும் இருந்ததைத் தாங்கள் வைத்த விலைக்குக் கைப்பற்றினார்கள். மார்ச் 26இல் அதற்கென்று சட்டமே வந்தது. வண்டியோடு தானியத்தையும் பறித்துவிடுவார்கள் என்று பயந்த விவசாயி நகரை நோக்கி வண்டி பூட்டுவதை நிறுத்தினான். அதே மாதம் கடும் பனிப்பொழிவு வேறு சாலைகளை மூடியது. சிப்பாயின் மாதச் சம்பளம் 11 டாலர். ஆறு மாதச் சம்பளத்தைச் சேர்த்தாலும் டிஸ்பாட்ச் போட்ட ஒரு வாரச் சாமான் வாங்க முடியாது. கணவன் போர்முனையில் இருக்க, ஆரெகன் ஹில் பகுதிப் பெண்கள் ஏப்ரல் 1 அன்று ஒரு தேவாலயத்தில் கூடிப் பேசியதும் மறுநாள் ஆளுநரைத் தேடிப் போனதும் இந்தக் கணக்கில்தான்.

கலகத்துக்குப் பின் நகரசபை என்ன செய்தது என்பதையும் கட்டுரை விட்டுவிட்டது. அதே மாதம் ஏழைகளுக்குச் சீட்டுக் கொடுத்து உணவு வழங்கத் தீர்மானித்தார்கள். வீட்டுக்கு வீடு விசாரித்து, 'தகுதியுள்ள ஏழை'க்குத்தான் சீட்டு. கலகத்தில் கலந்தவளுக்குக் கிடையாது.

1865 ஏப்ரல் 2 இரவு, கலகம் நடந்து சரியாக இரண்டு ஆண்டு கழித்து, தென்தரப்பு ராணுவம் நகரைக் காலிசெய்தபோது உணவுக்கிடங்குகள் திறந்தன. உள்ளே பன்றிக்கறியும் மாவும் குவிந்திருந்ததைப் பார்த்து மக்கள் அள்ளிக்கொண்டு ஓடினார்கள். தீ பரவிக் காலிகோ ஆலையும் எரிந்தது.

தொடர் நூலாக வரும்போது முற்றுகை பற்றிய வரியைத் திருத்தி, சால்ட்வில்லுக்கு ஒரு பத்தியாவது ஒதுக்கும்படி கட்டுரையாளரைக் கேட்டுக்கொள்கிறேன். டிஸ்பாட்ச் பட்டியலை முழுதாக அச்சிட்டால் இன்னும் நல்லது. பதினோரு வரிதான், அரைப் பக்கம் பிடிக்காது.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
தூத்துக்குடி