மரக்கட்டட விதித் திருத்தம்: கல்யாணிக்கு ஒரு கடிதம்

அன்புள்ள கல்யாணி,

உன் கடிதமும், உயரமான மரக் கட்டடங்களை அனுமதிக்கக் கேட்டு நீ எழுதிய திருத்த வரைவும் கிடைத்தன. விதித்தொகுப்புக் குழுவுக்கு உன்னைக் கூப்பிட்டிருப்பது நல்ல சேதி. கட்டுமானத்தில் கை வைத்தவர்கள் அங்கே குறைவு.

வரைவு நன்றாக இருக்கிறது. ஆனால் இப்படியே கொடுத்தால் முதல் சுற்றிலேயே ஓரங்கட்டிவிடுவார்கள். முதல் நான்கு பக்கமும் காடு, கரிமம், பருவநிலை. தீ ஐந்தாம் பக்கத்தில்தான் வருகிறது, அதுவும் ‘கனமான மரம் மெதுவாகத்தான் எரியும்’ என்று ஒரே வரியில். அந்த மேசையில் தீயணைப்பு அதிகாரிகளும் உட்கார்ந்திருப்பார்கள். அவர்கள் முதலில் தேடுவதை நீ கடைசியில் வைத்திருக்கிறாய்.

கரிமம் முக்கியமில்லை என்று சொல்லவில்லை. அதைச் சொல்ல வேண்டிய இடம் வேறு. கட்டட விதித்தொகுப்பு உயிர்ப் பாதுகாப்பைப் பார்க்கும். தரநிலை, சந்தைக்கு வரும் பலகையின் வலிமையையும் பசையையும் பார்க்கும். மரத்தை விரும்பிப் பயன்படுத்தச் சொல்வது அரசின் கொள்கை. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தைப் பார். 2009இல் மாகாண நிதியில் எழும் கட்டடங்களில் மரத்துக்கு முதலிடம் என்று சட்டம் போட்டார்கள். ஆனால் விதித்தொகுப்புக்கு உட்பட்டு என்ற நிபந்தனையும் அதிலேயே இருந்தது. அதே ஆண்டு விதித்தொகுப்பைத் தனியாகத் திருத்தி, மரச்சட்டகத்தால் எழும் குடியிருப்புகளை நான்கு தளத்திலிருந்து ஆறுக்கு உயர்த்தினார்கள். ஜப்பானின் 2010 சட்டம் பொதுக் கட்டடங்களோடு நின்றது. 2021இல்தான் தனியார் கட்டடங்களுக்கும் விரிந்தது. கொள்கை எவ்வளவு வேகமாக ஓடினாலும் விதி இடம் கொடுத்த உயரத்தைத் தாண்ட முடியாது.

அமெரிக்கக் கதையை நீ ஒரு பத்தியில் முடித்துவிட்டாய். உனக்கு அதிகம் உதவப்போவது அதுதான். மரப்பலகைகளை ஒன்றுக்கொன்று குறுக்காக அடுக்கிப் பசையால் ஒட்டிய குறுக்கடுக்குப் பலகைக்கு, அதாவது சி.எல்.டி.க்கு, முதலில் பி.ஆர்.ஜி. 320 என்ற தயாரிப்புத் தரநிலை 2011இல் வந்தது. அமெரிக்க மாநிலங்கள் பின்பற்றும் மாதிரிக் கட்டட விதித்தொகுப்பான ஐ.பி.சி.யின் 2015 பதிப்பு அதை மேற்கோள் காட்டி ஏற்றது. உயரம் கூட்டியது 2021 பதிப்பில்தான். தரநிலை இல்லாத பொருளுக்கு உயரம் கேட்டால், ‘எந்தப் பலகைக்கு?’ என்ற கேள்வியிலேயே பேச்சு முடிந்துவிடும். இன்னொன்றையும் கவனி. அங்கே யார் வேண்டுமானாலும் திருத்தம் கொடுக்கலாம், விசாரணையில் பேசலாம். இறுதி வாக்கு மட்டும் அரசுத் தரப்புக் கட்டட, தீயணைப்பு அதிகாரிகளுக்கே. மர ஆலைக்காரருக்கு வாக்கில்லை. அதனால்தான் அவர்கள் மரத்தின் பெருமையைப் பேசாமல் சோதனைக்குப் பணம் திரட்டினார்கள்.

அந்தச் சோதனைகள் 2017இல் மேரிலாந்தில், அமெரிக்க அரசின் ஏ.டி.எஃப். அமைப்பின் தீ ஆய்வகத்தில் நடந்தன. இரண்டு தள அடுக்குமாடி வீட்டை முழு அளவில் சி.எல்.டி.யால் கட்டி, அறைகலன் எல்லாம் வைத்து ஐந்து முறை கொளுத்தினார்கள். மரம் முழுக்க ஜிப்சப் பலகையால் மூடியது, கூரையில் ஒரு பகுதியைத் திறந்துவிட்டது, இரண்டு சுவர்களைத் திறந்துவிட்டது என்று முதல் மூன்று. இந்த மூன்றிலும் ஸ்பிரிங்க்ளர், அதாவது தீயில் தானாகத் தண்ணீர் தெளிக்கும் குழாய், கிடையாது. கடைசி இரண்டில் மரத்தைத் திறந்தே விட்டு ஸ்பிரிங்க்ளரை வைத்தார்கள்; அதிலும் ஒன்றில் வேண்டுமென்றே தாமதமாகத் தண்ணீர் விட்டார்கள். ஒவ்வொரு சோதனையும் வரப்போகும் ஒரு விதிக்கு நேராக நின்றது. அப்படித்தான் சோதனையை வடிவமைக்க வேண்டும்.

உன் குழுவில் கட்டாயம் எழப்போகும் கேள்வி இது: ஸ்பிரிங்க்ளர் வேலை செய்யவில்லை, தண்ணீரும் வந்து சேரவில்லை, வீட்டுச் சாமான் எல்லாம் எரிந்து தீர்ந்தது. அதற்குப் பிறகு கட்டடம் தானாக அணையுமா, தன்னையே தின்றுகொண்டு எரியுமா? மரம் சுமார் 300 டிகிரி செல்சியஸில் கரியாகும். கரிப்படலம் வெப்பத்தை உள்ளே விடாது. சுற்றியுள்ள நெருப்பு தணிந்தால் கரிக்கு அடியிலிருக்கும் மரத்துக்கு எரிய வேண்டிய வெப்பம் கிடைக்காது, அணைந்துவிடும். தனிக் கட்டையில் இது நடக்கும். சி.எல்.டி.யில் பசை நடுவில் வருகிறது. ஐரோப்பிய மரக் கட்டமைப்புத் தரநிலையான யூரோகோடு 5 கணக்கில் மென்மரம் நிமிடத்துக்கு 0.65 மி.மீ. கரியும். 35 மி.மீ. முதல் அடுக்கு ஏறக்குறைய 54 நிமிடத்தில் தீரும். அந்த நேரத்தில் பசை இளகினால் கரியடுக்கு அப்படியே பெயர்ந்து விழும், உள்ளிருக்கும் எரியாத மரம் நெருப்புக்கு முகம் காட்டும். தணிந்துகொண்டிருந்த அறை மறுபடி முழுக்கப் பற்றிக்கொள்ளும். பழைய பசைகளில் இது நடந்திருக்கிறது.

அதற்குத் தீர்வாக வந்ததுதான் பி.ஆர்.ஜி. 320இன் 2018 பதிப்பு. நான்கு மணி நேர அறைச் சோதனையில் அடுக்கு பெயராமலும் தீ மறுபடி எழாமலும் தாங்கும் பசையைத்தான் அது ஏற்கிறது. உன் வரைவில் பசையைப் பற்றி ஒரு சொல் இல்லை. ‘தரநிலைக்கு உட்பட்ட சி.எல்.டி.’ என்று எழுதியிருக்கிறாய். எந்தத் தரநிலை, எந்தப் பதிப்பு என்று ஆண்டோடு எழுது. பதிப்பு எண் விட்டுப்போனால் பழைய பசைப் பலகையும் அந்தச் சொல்லுக்குள் நுழைந்துவிடும்.

இப்போது உயரக் கணக்கு. 2021 ஐ.பி.சி., சி.எல்.டி. போன்ற கனமான மரத்தால் எழும் கனமர வகையில் மூன்று புதிய வகுப்புகளைச் சேர்த்தது. 4-ஏ: 18 தளம், 270 அடி. மரம் எங்கும் வெளியே தெரியக் கூடாது. 4-பி: 12 தளம், 180 அடி. குறிப்பிட்ட அளவு மரம் தெரியலாம். 4-சி: 9 தளம், 85 அடி. மரம் பெரும்பாலும் திறந்தே இருக்கலாம். உச்ச எல்லைகள் இவை. கட்டடம் எதற்குப் பயன்படுகிறது என்பதைப் பொறுத்து இன்னும் குறையும். 4-ஏ வகுப்பில் முக்கியத் தாங்கு சட்டத்துக்கு மூன்று மணி நேரத் தீத்தாங்கு வேண்டும். அதில் மூன்றில் இரண்டு பங்கை, அதாவது 120 நிமிடத்தை, எரியாத உறை தர வேண்டும். தீத்தாங்கு வகையான 16 மி.மீ. டைப் எக்ஸ் ஜிப்சம் ஒரு அடுக்குக்கு 40 நிமிடம், ஆகவே மூன்று அடுக்கு. மிச்ச ஒரு மணி நேரம் மரத்தின் பொறுப்பு. இந்தப் பங்கீடுதான் தீயணைப்புக்காரர்களைச் சம்மதிக்க வைத்தது என்பது என் எண்ணம். மரத்தை நம்பச் சொல்லவில்லை. உறை எத்தனை நிமிடம், மரம் எத்தனை நிமிடம் என்று தனித்தனியாகக் காட்டினார்கள்.

4-பி வகுப்பு நகர்ந்த விதத்தையும் சொல்கிறேன். 2021இல் தளப்பரப்பில் 20 விழுக்காடு அளவுக்குத்தான் கூரை மரம் தெரியலாம் என்று நின்றார்கள். பிறகு ஸ்வீடனின் ரைஸ் ஆய்வகத்தில் புதிய பசைப் பலகைகளை எரித்துப் பார்த்த முடிவுகளைக் கொண்டுபோய் வைத்தார்கள். 2024 பதிப்பில் கூரை முழுவதும் திறந்திருக்கலாம் என்றாயிற்று. முதல் தடவையே நூறு கேட்டிருந்தால் இருபதும் கிடைத்திருக்காது. நீ ஒன்பதாம் தளம் வரை மரத்தைத் திறந்துவைக்கவும், பதினைந்துக்கு மேல் மூடவும் ஒரே திருத்தத்தில் கேட்டிருக்கிறாய். பிரித்துவிடு. ஒன்று விழுந்தால் மற்றதையும் இழுத்துக்கொண்டு விழும். அமெரிக்காவில் 2018 சுற்றில் போனவை 14 தனித்தனித் திருத்தங்கள்.

தூண் அட்டவணையில் ஒரு பிசகு. 365 மி.மீ. சதுரத் தூண் இரண்டு மணி நேரத்துக்குத் தாங்கும் என்று காட்ட, கரி ஆழத்தை மட்டும் கழித்திருக்கிறாய். கரிக்கு அடியில் சூடேறி வலுவிழந்த மரத்தையும் சேர்த்துக் கழிக்க வேண்டும். அமெரிக்க மர வடிவமைப்புத் தரநிலைப்படி அந்தப் பயனுறு ஆழம் ஒரு மணி நேரத்துக்கு 46 மி.மீ., இரண்டுக்கு 81. நான்கு பக்கமும் எரிந்தால் மிஞ்சுவது 203 மி.மீ. பரப்பில் மூன்றில் ஒரு பங்குகூடக் கிடையாது. பயந்துவிடாதே. தீ நேரக் கணக்கில் அனுமதி வலிமைக்குப் பதிலாகச் சராசரி முறிவு வலிமையை எடுக்கலாம் என்பதால் பல தூண்கள் தேறிவிடும். ஆனால் இந்தப் பிசகைக் குழுவில் வேறொருவர் கண்டுபிடிக்கும்படி விடாதே.

தூணைவிட இணைப்புதான் முதலில் கைவிடும். இரும்புத் தகடும் போல்ட்டும் வெப்பத்தை உள்ளே கடத்தி, சுற்றிலும் துளையைக் கரியாக்கிவிடும். இணைப்பின் எந்த இடத்திலும் வெப்ப உயர்வு சராசரி 139 டிகிரி, உச்சம் 181 டிகிரி செல்சியஸைத் தாண்டக் கூடாது என்பது ஐ.பி.சி.யின் வரம்பு. தாங்க வேண்டிய நேரம் முழுக்க. இதை அப்படியே எடுத்துக்கொள். பலகைக்கும் பலகைக்கும் நடுவிலுள்ள இடுக்கைத் தீத்தடுப்புப் பூச்சால் அடைக்கும் விதியையும் சேர்; புகை அந்த வழியாகத்தான் அடுத்த வீட்டுக்குப் போகும்.

கட்டும்போது வரும் தீயை நீ தொடவே இல்லை. ஜிப்சம் ஏறவில்லை, ஸ்பிரிங்க்ளரில் தண்ணீர் இல்லை, வெல்டிங் நடக்கிறது. மரக்கட்டடத்துக்கு அதைவிட மோசமான காலம் கிடையாது. ஆறு தளத்துக்கு மேல் போகும் கனமரக் கட்டடத்தில், வேலை நடக்கும் தளத்துக்கு நான்கு தளத்துக்கு மேல் கீழே இருப்பவற்றிலெல்லாம் ஒரு அடுக்கு எரியாத உறையாவது ஏறிய பிறகுதான் அடுத்த தளத்தைத் தூக்கலாம் என்று அமெரிக்காவில் விதி உண்டு. ஒப்பந்ததாரர்கள் முனகுவார்கள். முனகட்டும், காப்பீட்டுக்காரர் முதலில் கேட்பதே இதைத்தான்.

மரச்சட்டகக் கட்டடங்களுக்கான பகுதியில், மரம் காயும்போது சுருங்குவதற்கான கணக்கைக் கட்டாயமாக்கு. இழைக்குக் குறுக்கே, ஈரப்பதம் ஒரு விழுக்காடு குறைந்தால் மென்மரம் ஏறத்தாழ 0.25 விழுக்காடு சுருங்கும். ஒரு தளத்தில் படுக்கைவாக்கில் மூன்று 38 மி.மீ. சட்டமும் ஒரு 240 மி.மீ. உத்திரமும் என்றால் 354 மி.மீ. ஈரம் 19இலிருந்து 9க்கு இறங்கினால் சுமார் 9 மி.மீ. போய்விடும். ஆறு தளமும் இப்படியே என்றால் 50 மி.மீ.க்கு மேல். சுவரைக் கீழே இழுத்துப் பிடிக்க இறுக்கிக் கட்டிய இரும்புக் கம்பி தளரும், செங்குத்துக் குழாயின் மூட்டு விரியும், வெளிச் செங்கல் சுவரோ அசையாமல் நிற்பதால் ஜன்னல் திண்ணை உள்பக்கம் சாய்ந்து மழைநீரை வீட்டுக்குள் அனுப்பும். உலர்ந்த பொறியியல் உத்திரம் போட்டால் அதே கட்டடத்தில் 17 மி.மீ.தான். இரண்டு தளத்துக்கும் கூரைக்கும் மேல் மரச்சுவர் தாங்கினால் சுருக்க ஆய்வைக் காட்டு என்று ஐ.பி.சி.யே கேட்கிறது. ஒலித்தடுப்புக்கு உன் வரைவில் இருப்பதே போதும்.

இங்கிலாந்தில் நடந்ததைக் குழுவிலிருக்கும் கட்டடக் கலைஞர்களிடம் சொல். கிரென்ஃபெல் தீ 2017இல். எரிந்தது அலுமினியத்துக்கு நடுவே பிளாஸ்டிக் வைத்த மேலுறை. மறு ஆண்டு வந்த தடை, 18 மீட்டருக்கு மேற்பட்ட குடியிருப்புகளின் வெளிச்சுவரில் ஏ2-எஸ்1,டி0 என்ற, ஏறக்குறைய எரியாத வகுப்புக்குக் கீழ்ப்பட்ட எதுவும் கூடாது என்றது. சி.எல்.டி. சாதாரணமாக டி வகுப்பு, எரியும் பொருள். வெளிச்சுவரின் உள்ளடுக்காகப் பாரம் தாங்கும் மரப்பலகையும் அதே வலையில் மாட்டிக்கொண்டது. விதியில் ‘வெளிச்சுவர்’ என்ற சொல் எதுவரை போகும் என்று வரைவுக் கட்டத்திலேயே கேட்க ஆளில்லாவிட்டால் இப்படித்தான்.

கரிமப் பக்கங்களை எறிந்துவிடாதே, கொள்கைத் துறைக்குத் தனியாக அனுப்பு. டென்மார்க் 2023இல் 1000 சதுர மீட்டரைத் தாண்டிய புதுக் கட்டடங்களுக்குச் சதுர மீட்டருக்கு ஆண்டுக்கு 12 கிலோ கார்பன் டை ஆக்சைடு என்று வரம்பு வைத்தது. எந்தப் பொருளின் பெயரும் அதில் இல்லை. மரம் தன் கணக்காலேயே உள்ளே வரும். அந்த மாதிரிதான் எனக்குப் பிடிக்கும். சிமெண்டுக்காரர்களும் அதை எதிர்க்கக் காரணம் தேடித்தான் பிடிக்க வேண்டும். ஒரு கன மீட்டர் மரத்தில் ஒரு டன் கரிமம் என்று நீ எழுதியதைத் திருத்து. உலர் எடை 450 கிலோ என்றால் பாதி கரிமம், 225 கிலோ. அதை 44/12 ஆல் பெருக்கினால் 825 கிலோ கார்பன் டை ஆக்சைடு. கரிமமும் கார்பன் டை ஆக்சைடும் வேறு. ஆயுள் முடிவில் எரித்தாலோ மக்கினாலோ அது திரும்பக் காற்றில் கலப்பதையும் அதே அட்டவணையில் காட்டிவிடு, எதிராளி காட்டுவதற்கு முன்.

திருத்தங்களைத் தனித்தனித் தாளாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் பழைய வாசகம், புது வாசகம், காரணம், எந்தச் சோதனை என்ற நான்கையும் வைத்து அனுப்பு. தூண் அட்டவணையையும் இணைப்புக் கணக்கையும் நான் பார்த்துத் தருகிறேன். விசாரணைக்கு முன்னால் குழுவிலுள்ள தீயணைப்பு அதிகாரி ஒருவரைத் தனியாக ஒருமுறை சந்தித்துவிடு. அவருடைய கேள்விகளை எனக்கும் எழுது.

அன்புடன்,
வாசுகி